பாலியஸ்டர் துணி இறக்குமதி: 5407-ஆ, 5903-ஆ? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

திருப்பூர், ஆடைத் தயாரிப்பு:

விண்ட்சீட்டரும் மழைக்கோட்டும் தைக்கிற சின்ன யூனிட் எங்களுடையது. மேல்துணி பாலியஸ்டர் டஃபெட்டா (மெல்லிய, நெருக்கமாக நெய்த துணி), சீனாவிலிருந்து வருகிறது. பின்பக்கம் மெல்லிய பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங் இருக்கும். எப்போதும் 5407-இல்தான், அதாவது செயற்கை நீள இழையில் நெய்த துணிக்கான சுங்க எண்ணில்தான், பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிவிப்பு) போடுவோம். போன வருடம் வந்த ஒரு சரக்கை, "கோட்டிங் இருக்கிறது, இது 5903 (பிளாஸ்டிக் பூசிய துணிக்கான எண்)" என்று சொல்லி துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள்.

கோட்டிங் இருந்தாலே 5903 ஆகிவிடாது. சுங்க வரி அட்டவணையில் 59-ஆம் அத்தியாயத்தின் 2-ஆம் குறிப்பைப் படித்துப் பாருங்கள். பூச்சு வெறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பெரும்பாலும் அது எந்த நூலில் நெய்யப்பட்டதோ அந்த அத்தியாயத்திலேயே இருக்கும். பூசியதால் நிறம் மாறியிருந்தாலும் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அந்தக் குறிப்பே சொல்கிறது. எங்கள் துணியின் பின்பக்கத்தில் நெசவு அப்படியே தெரியும். வெளிச்சத்தில் பிடித்தாலும் படலம் எதுவும் தெரியாது.

மாதிரி லேபுக்குப் போனது. "பாலியூரித்தேன் பூச்சு உள்ளது" என்று ஒரே வரியில் ரிப்போர்ட் வந்தது. கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஏனென்றால் யாரும் அதைக் கேட்கவில்லை. எழுத்து மூலமாக மறுபரிசோதனை கேட்டோம். இந்த முறை அந்தக் கேள்வியைத் தெளிவாகப் போடச் சொன்னோம். "வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை" என்று பதில் வந்தது, 5407-இலேயே சரக்கு வெளியே வந்தது. ஆனால் அதுவரை ஓடிய டெமரேஜ் (சரக்கு துறைமுகத்தில் தங்கியதற்கான கட்டணம்) எங்கள் தலையில்தான் விழுந்தது. சின்ன யூனிட்டுக்கு அது ஒரு ஆர்டரின் லாபம். இப்படி வேறு யாருக்காவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

சென்னை, சிஎச்ஏ (சுங்க முகவர்):

அண்ணா, நீங்கள் சொன்னதில் முக்கியமானது லேபுக்குப் போகும் கேள்விதான். டெஸ்ட் மெமோவில் (மாதிரியோடு லேபுக்குப் போகும் சீட்டில்) "வகை என்ன" என்று மட்டும் எழுதினால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். ஃபிலமென்டா (விடாத நீள இழை) ஸ்டேபிளா (குட்டை இழை), டெக்ஸ்சர் செய்ததா (இழையைச் சுருட்டிப் புசுபுசுப்பாக்கியதா), எடையில் எது எத்தனை சதவீதம், ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) எவ்வளவு, சாயமிட்டதா அச்சிட்டதா, பூச்சு கண்ணுக்குத் தெரிகிறதா என்று அத்தனையும் மெமோவில் இருக்கிறதா என்று நாங்கள் நின்று பார்த்துவிடுவோம்.

டெக்ஸ்சர் விஷயத்தில்தான் நிறைய சண்டை. டெக்ஸ்சர் செய்த பாலியஸ்டர் ஃபிலமென்ட் 85 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 5407.51 முதல் 5407.54 வரை. டெக்ஸ்சர் செய்யாதது அந்த அளவுக்கு இருந்தால் 5407.61. இப்போது வருகிற பல துணிகளில் பாவு (நீளவாக்கு நூல்) எஃப்டிஒய், ஊடை (குறுக்கு நூல்) டிடிஒய். அதாவது பாவில் சாதா நூல், ஊடையில் டெக்ஸ்சர் நூல். மொத்தம் நூறு சதவீதம் பாலியஸ்டர்தான், ஆனால் இரண்டில் எதுவும் தனியாக 85-ஐத் தொடாது. அப்போது 5407.69. இதைச் சொன்னால் சப்ளையர்கள் பலருக்கே புரிவதில்லை. பாவுக்கும் ஊடைக்கும் தனித்தனியாக நூல் விவரம் எழுதி வாங்கிவிடுங்கள். துணியில் ஓர் இழையை உருவி முறுக்கைப் பிரித்தால் ஃபிலமென்ட் விடாமல் நீளமாக வரும், ஸ்டேபிள் குட்டை குட்டையாகப் பிரிந்துவிடும். ஸ்டேபிள் என்றால் பேச்சே 55-ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும். சில வகைகளுக்கு சதவீதத்தோடு சதுர மீட்டர் அல்லது கிலோ கணக்கிலும் வரி உண்டு, எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். அதனால் உட்பிரிவு மாறினால் பணமும் மாறலாம்.

அப்புறம் டெமரேஜ். வகைப்பாட்டில் தகராறு என்றால் சுங்கச் சட்டம் 18-ஆம் பிரிவின்படி தற்காலிக மதிப்பீடு கேளுங்கள். பாண்ட் (உறுதிப் பத்திரம்) கொடுத்து சரக்கை எடுத்துவிடலாம், முடிவு பிறகு வரட்டும். அதிகாரி உங்கள் வகைப்பாட்டை மாற்றி, நீங்கள் அதை எழுத்தில் ஏற்காவிட்டால், 17(5)-இன்படி 15 நாளில் காரணத்தோடு உத்தரவு தர வேண்டும். அந்த உத்தரவு கையில் இருந்தால்தான் மேல்முறையீட்டில் பேச முடியும். ஒரே துணியைத் தொடர்ந்து எடுப்பவர்கள் மும்பையிலோ டெல்லியிலோ உள்ள முன்தீர்ப்பு ஆணையத்தில் (சரக்கு வரும் முன்பே வகைப்பாட்டைச் சொல்லும் அமைப்பு) விண்ணப்பிப்பது நல்லது. சட்டமோ விவரமோ மாறாதவரை அந்தத் தீர்ப்பு சில ஆண்டுகள் செல்லும்.

ஈரோடு, யூனிஃபார்ம் துணி வியாபாரம்:

எங்கள் பிரச்சினை வேறு, சார். 65/35 பாலியஸ்டர்-காட்டன், ஸ்டேபிள் நூல். 170 ஜிஎஸ்எம் வரை 5513, அதற்கு மேல் 5514. எங்கள் துணி சரியாக அந்த எல்லையில் இருக்கும். பருத்தி ஈரத்தை இழுக்கும், பாலியஸ்டர் அவ்வளவாக இழுக்காது. மழைக்காலத்தில் பிரித்த ரோலை அப்படியே எடை போட்டால் எண் கூடிவிடும். அதனால் 65 சதவீத ஈரப்பதத்தில், நிலையான வெப்பத்தில் வைத்துவிட்டு எடை போட்டதா என்று ரிப்போர்ட்டில் பார்ப்பேன். அது எழுதப்படவில்லை என்றால் உடனே கடிதம் கொடுப்பேன். இப்போதெல்லாம் ஆர்டர் போடும்போதே எல்லையிலிருந்து தள்ளி, 160 அல்லது 180 என்றுதான் கேட்கிறேன். பாலியஸ்டர்-விஸ்கோஸ் எடுத்தாலும் இதே தொல்லை வருமா?

சென்னை, சிஎச்ஏ:

வராது, அக்கா. இரண்டும் ஸ்டேபிள், பாலியஸ்டர் அதிகம், ஆனால் 85-க்குக் கீழே என்றால் 5515.11. அங்கே 170 என்ற கோடே கிடையாது. விஸ்கோஸ் பங்கு பாலியஸ்டரைத் தாண்டினால் 5516 பக்கம் போகும், கலவை விகிதத்தை இன்வாய்ஸிலேயே எழுதச் சொல்லிவிடுங்கள்.