மலை ஊரில் சிம் மேசை போன்: மணி அடிக்கிறது, பேச முடியவில்லை

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் பள்ளத்தில் இருக்கிறது. அவசரத்துக்கு 108-ஐக் கூப்பிட ஊர்ப் பொதுவில் ஒரு 4ஜி சிம் மேசை போன் வாங்கி வைத்தோம். பொங்கலிலிருந்து மணி அடிக்கும், எடுத்தால் குரல் விட்டுவிட்டு வந்து அறுந்துவிடும். மழையில் மரங்கள் நனைந்தால் மணியும் இல்லை.

சிம், போன் இரண்டும் மாற்றியாயிற்று. 20 அடிக் குழாயில், ஒரே திசையை நோக்கிச் சிக்னலை வாங்கும் யாகி ஆன்டெனா கட்டினோம். சிக்னல் அளவு -118 டிபிஎம்-லிருந்து -111 ஆனது (பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது), அவ்வளவுதான். ஆன்டெனாவிலிருந்து போனுக்கு வரும் 15 மீட்டர் ஆர்ஜி58 (மெல்லிய வகை) கேபிளே சிக்னலில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது என்று நினைக்கிறேன். உரிமமில்லாத சிக்னல் பூஸ்டர் சட்டவிரோதம், அது வேண்டாம்.

மேட்டில் டவர் நேராகத் தெரிகிறது, -92 வருகிறது. அங்கிருந்து ஊரும் தெரியும், ஒரு கிலோமீட்டர் இருக்கும். மேட்டில் சோலாரில் 4ஜி ரவுட்டரை ஓட்டி, 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் இணைப்பில் இன்டர்நெட்டை ஊருக்கு இறக்கினால், வைஃபை காலிங்கில் (டவருக்குப் பதில் வைஃபை வழியே பேசுவது) 108-க்கு அழைப்பு அறுபடாமல் போகுமா?