ஜெஜுத் தீவின் யோங்துங் பாட்டி கடல் தெய்வமா, காற்றுத் தெய்வமா?

கேள்வி

வணக்கம். தென்கொரியாவின் ஜெஜுத் தீவில் மூச்சை அடக்கிக் கடலுக்குள் முக்குளித்துச் சங்கும் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கும் ஹேன்யோ பெண்களைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். சந்திர நாட்காட்டியின் இரண்டாம் மாதம் பிறந்ததும் யோங்துங் ஹல்மாங் என்னும் தெய்வம் தீவுக்கு வருகிறாள் என்றும், அவள் தங்கியிருக்கும் பதினைந்து நாட்களும் அவர்கள் கடலில் இறங்காமல் இருப்பதே மரபு என்றும் அறிந்தேன். ஆனால் அவளைக் காற்றின் தெய்வம் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். கடலை ஆள்பவனோ யோங்வாங் எனப்படும் டிராகன் அரசன். கடலை நம்பிப் பிழைப்பவர்கள் காற்றின் தெய்வத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய சடங்கு செய்கிறார்கள்? இந்தப் பதினைந்து நாள் விலக்கை நம் ஊர் மீன்பிடித் தடைக்காலத்தைப் போன்றதாகக் கொள்ளலாமா?

மறுமொழி 1

ஹல்மாங் என்றால் ஜெஜு வட்டார மொழியில் பாட்டி என்று பொருள். டிராகன் அரசன் கடலுக்குள்ளேயே குடியிருப்பவன். யோங்துங் பாட்டியோ விருந்தாளி. அமாவாசையன்று தீவின் வடமேற்கிலுள்ள குவிடோக் என்னும் ஊரில் கரையேறுகிறாள், தீவைச் சுற்றி வருகிறாள், பௌர்ணமியன்று கிழக்கே உடோ என்னும் சிறு தீவின் வழியாக வெளியேறுகிறாள். வரும்போது பசியோடு வருவதால் கரையோர நத்தைகளின் சதையையெல்லாம் தின்றுவிடுகிறாள் என்றும், அந்நாட்களில் எடுத்துப் பார்த்தால் ஓடு வெறுமையாக இருக்கும் என்றும் சொல்வார்கள். தின்றதற்கு ஈடாக, புறப்படும் முன் சிப்பிக்கும் பாசிக்கும் வேண்டிய விதைகளைக் கடலிலும், தானிய விதைகளை நிலத்திலும் தூவிவிட்டுப் போகிறாள்.

காற்றுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பதற்கு விடை அந்தப் பெண்களின் தொழிலிலேயே இருக்கிறது. காற்றுக்குழாய் எதுவும் இல்லாமல் பத்து மீட்டர் ஆழம் வரை இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்திருந்துவிட்டு மேலே வருகிறவளுக்கு, மிதவை விட்ட இடத்தில் இருக்க வேண்டும், முகத்தில் அலை அறையாமல் ஒரு மூச்சு கிடைக்க வேண்டும். முற்காலத்தில் அந்த மிதவை காய்ந்த சுரைக்குடுவைதான். பலத்த காற்று ஒன்று அடித்தால் அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. குளிர்காலத்தின் கடைசி வாடைக் காற்று தீவை உலுக்கும் காலமும் அந்த இரண்டாம் மாதமே. ஆகவே கடலுக்கு அடியில் என்ன கிடைக்கும் என்பது டிராகன் அரசனின் கையில் இருந்தாலும், எடுத்துக்கொண்டு உயிரோடு திரும்புவது பாட்டியின் கையில் இருக்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

தடைக்காலத்தோடு ஒப்பிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. 1530இல் கொரிய அரசு தொகுத்த நிலவியல் நூலிலேயே இச்சடங்கு பதிவாகியிருக்கிறது: இரண்டாம் மாத முதல் நாளில் குவிடோக் முதலிய ஊர்களில் பன்னிரண்டு மரக்கம்பங்கள் நட்டுத் தெய்வங்களை வரவேற்றனர் என்றும், அந்த மாதத்தில் படகேறுவது விலக்கப்பட்டிருந்தது என்றும் அது கூறுகிறது. விலக்கு படகுக்கு; நத்தைக்கோ சிப்பிக்கோ என்று அதில் இல்லை. உயிரினங்கள் பெருகட்டும் என்று கடலை ஓய்வுக்கு விட்டார்கள் என்பது, இன்றைய அறிவைக் கொண்டு நாம் பின்னாளில் ஏற்றிச் சொல்லும் விளக்கமாகவே எனக்குப் படுகிறது. கடல் ஓய்ந்தது என்பது உண்மை. ஆனால் முதற்காரணம் காற்றுக்கு அஞ்சியதே.

மறுமொழி 2

வேலை நிமித்தமாக ஜெஜுவில் இரண்டாண்டுகள் இருந்தேன். கிழக்குக் கரையில் ஒரு சிற்றூரில் பாட்டியை வழியனுப்பும் சடங்கைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. காலையிலிருந்தே சிம்பாங் எனப்படும் பூசாரி மேளமும் தாளமும் முழங்க ஆடிப் பாடி, தெய்வங்களை ஒவ்வொருவராக அழைத்துப் படையலுக்கு அமர்த்தினார். பிற்பகலில் ஹேன்யோ பெண்கள் கூடைகளில் தினையை எடுத்துக்கொண்டு கரும்பாறைகளின் மேல் ஓடினார்கள். அவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். வயலில் விதைப்பவர்களைப் போலவே பிடிபிடியாகத் தினையை அள்ளிக் கடலில் வீசி, சங்கு பெருக வேண்டும், சிப்பி பெருக வேண்டும் என்று உரக்கக் கூவினார்கள். திரும்பி வந்த பிறகு பூசாரி பாயில் தினையைத் தூவி, விதை நெருக்கமாக விழுந்த இடத்தையும் கலைந்து கிடந்த இடத்தையும் பார்த்து, எந்தப் பகுதியில் இவ்வாண்டு விளைச்சல் நன்றாக இருக்கும் என்று குறி சொன்னார். அந்தப் பாயைச் சுற்றிக் குனிந்திருந்த முகங்களில் சிறிதும் விளையாட்டு இல்லை.

கடைசியாக, படையலில் கொஞ்சம் ஏற்றிய சிறு வைக்கோல் படகு ஒன்றைக் கடலுக்குள் கொண்டுபோய்க் கிழக்கு நோக்கி விட்டார்கள். பாட்டி அதில் ஏறிப் போய்விட்டாள் என்றார்கள்.

மறுமொழி 3

ஒரு சிறு சேர்க்கை. அவள் வரும் நாளில் கடுங்குளிராக இருந்தால் நல்ல உடுப்பு உடுத்தி வந்திருக்கிறாள் என்றும், மழை பெய்தால் மழைக்கோணி போர்த்தி வந்திருக்கிறாள் என்றும் ஜெஜுவில் சொல்வதுண்டு. கொரியப் பெருநிலத்தின் தென்கிழக்கிலும் இவளுக்கு ஒத்த பாட்டி ஒருத்தி உண்டு. மகளை அழைத்து வரும் ஆண்டில் அவள் பாவாடை அழகாகப் பறக்கக் காற்று வீசும், மருமகளை அழைத்து வரும் ஆண்டில் அவள் உடை நனைய மழை பெய்யும் என்பது அங்குள்ள வழக்கு.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. விருந்தாளி என்ற விளக்கம் என் குழப்பத்தைத் தீர்த்தது. இத்தகைய வழிபாடு அரசின் எதிர்ப்பைச் சந்திக்கவில்லையா?

மறுமொழி 1

கடுமையாகவே சந்தித்தது. 1702இல் கன்பூசிய நெறியில் ஊறிய ஆளுநர் இ ஹியோங்-சாங், தீவின் 129 கோவில்களை எரித்தார். 1970களில் அரசின் கிராம முன்னேற்ற இயக்கம் மீண்டும் இவற்றை மூடநம்பிக்கை என்று ஒடுக்கியது. ஆனால் 1980இல் ஜெஜு நகரின் சில்மொரிடாங் கோவிலில் நடக்கும் யோங்துங் சடங்கை அதே அரசு தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அது இடம்பெற்றது. ஹேன்யோ பண்பாடு 2016இல் சேர்க்கப்பட்டது. எனக்குக் கவலை தருவது வேறு: 1960களில் இருபதாயிரத்துக்கும் மேல் இருந்த அப்பெண்கள் இன்று மூவாயிரத்துக்கும் குறைவு. தினை வீச ஆள் வேண்டும்.

மறுமொழி 2

சொல்ல மறந்ததை இப்போது சேர்க்கிறேன். தினை விதைப்புக்குப் பிறகு ஒவ்வொரு பெண்ணும் வெள்ளைத்தாளில் சோற்றைப் பொதிந்து நூலால் கட்டிக் கடலில் வீசுவார். ஒரு பொதி டிராகன் அரசனுக்கு, ஒன்று தன் உடல்நலத்துக்கு, கடலில் இறந்த உறவினர் இருந்தால் அவர்களுக்கும் தனித்தனியாக. என் அருகில் நின்ற மூதாட்டி ஐந்து பொதிகளை வீசினார்.