செனட்டர் திருச்செல்வம் பதவியை விட்டது எதற்காக?

கேள்வி: தேர்தலிலேயே நிற்காத மு. திருச்செல்வம் எப்படி அமைச்சரானார்? திருகோணமலைப் பிரச்சினையில்தான் விலகினார் என்கிறார்கள், உண்மையா?

பதில் 1: தம்பி, அப்போது இலங்கை நாடாளுமன்றத்தில் செனட் சபை என்று ஒரு மேல்சபை இருந்தது. 30 பேர், பாதிப்பேரைக் கீழ்ச்சபை தெரிவு செய்யும், மீதி நியமனம். குறைந்தது இரண்டு அமைச்சர்களாவது அங்கிருந்து வர வேண்டும் என்பது சட்டம். 1965இல் பிரதமர் டட்லி சேனநாயக்காவின் அரசில் இவருடைய தமிழரசுக் கட்சி சேர்ந்தபோது இவர் அந்த வழியாகத்தான் உள்ளூராட்சி அமைச்சரானார்.

பதில் 2: உண்மைதான். திருகோணமலையில் பிரெடரிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்களைத் தாண்டி மேலே ஏறினால் வரும் கோணேசர் கோயில் இருக்கிறதே, அந்தச் சூழலைப் புனித பிரதேசமாக்கலாமா என்று ஆராய இவர் ஒரு குழுவை நியமித்தார். பிக்கு ஒருவர் எதிர்த்ததும் டட்லி குழுவையே நிறுத்திவிட்டார். 1968இல் இவர் விலக, கட்சியும் அரசை விட்டு வெளியேறியது. மாவட்டங்களுக்கு அதிகாரம் பகிரும் மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்ட கோபமும் சேர்ந்ததுதான், கோயிலை மட்டும் சொல்வது அரைக் கதை.

பதில் 3: அவருடைய உரைகள் வேண்டுமென்றால் செனட் ஹன்சாட்டில் (சபை உரைகளின் அதிகாரபூர்வப் பதிவு) தேடுங்கள், அது தனித் தொகுதி. 1971இல் சபையே போய்விட்டது.