லேன் ஆக்கள் குரூப்: கூழுக்கு அளவு வேணும்

நான்: எல்லாருக்கும் வணக்கம், ஒரு உதவி. கம்பஸ்ல ஜேர்னலிசத்துக்கு கடைசி ப்ரொஜெக்டா ஒரு மாதிரி இதழ் செய்யவேணும், நான் சாப்பாட்டு மகசின் எடுத்திருக்கிறன். கடை ரிவியூ ஒண்டும் இல்லை, முழுக்க கொழும்பு வீட்டுச் சமையல். எங்கட லேன்ல இருந்தே தொடங்குறன், பெரியம்மான்ட ஒடியல் (காய்ஞ்ச பனங்கிழங்கு) கூழ், ராத்தான்ட வட்டிலப்பம் (கருப்பட்டி, முட்டை, தேங்காய்ப்பால் சேத்து அவிக்கிற இனிப்பு). கொம்பனித்தெருவில ஒரு மலாய் வீட்டில பிட்டும் பாபத்தும் (மாட்டு இரைப்பைக் கறி) கேட்டு வச்சிருக்கிறன், அவையும் ஓம் எண்டுட்டினம்

ராத்தா (2ம் மாடி): மாஷா அல்லாஹ், நல்ல விஷயம் தங்கச்சி. எப்ப வேணும்

பெரியம்மா: கூழோ, அதுக்கென்ன பிள்ளை, எழுது. ஒடியல் மாவை முதல் தண்ணியில ஊறவிட்டு மேல தெளியிற தண்ணிய ஊத்தவேணும் இல்லாட்டி கைக்கும். நண்டு இறால் மீன்தலை பயத்தங்காய் மரவள்ளி பலாக்கொட்டை எல்லாம் பெரிய பானையில அவியவிட்டு, செத்தல் மிளகாய் உள்ளி மிளகு மஞ்சள் அரைச்ச கூட்டைப் போட்டு, பழப்புளி கரைச்சு விட்டு, பிறகு மாவைக் கரைச்சு ஊத்தித் துளாவிக்கொண்டே இருக்கவேணும். முருங்கையிலை இறக்கக்குள்ள

நான்: மா எவ்வளவு பெரியம்மா

பெரியம்மா: தடிப்பு பாத்துப் போடுறது தான்

நான்: புளி?

பெரியம்மா: ஒரு உருண்டை

அம்மா: அக்கா எந்தக் காலத்தில அளந்தவ 😊

நான்: அது பெரியம்மான்ட கைக்குத் தெரியும் அம்மா, வாசிக்கிற ஆளுக்கு அந்தக் கை இல்லையே. செய்தியில ஆள்ட பேர் இடம் திகதி பிழைக்கக்கூடாது எண்டு தானே எங்களுக்கு முதல் வருஷத்தில இருந்து படிப்பிக்கினம், சமையல் குறிப்பும் அதே மாதிரித்தான், சரிபார்க்காமல் அச்சில போட ஏலாது. ஒருத்தி என்ர பக்கத்தைப் பாத்து நண்டு வாங்கிச் சமைச்சு கூழ் கட்டிபட்டுப் போச்சுதெண்டா அவவின்ட காசும் போச்சு ஒரு நாளும் போச்சு, இப்ப நண்டு விக்கிற விலைக்கு. சனிக்கிழமை நான் தராசோட வாறன், நீங்க வழமை போல போடுங்கோ, போட முதல் ஒவ்வொண்டையும் நான் நிறுக்கிறன், அவ்வளவு தான். பிறகு மச்சாள் அந்த அளவை மட்டும் பாத்து தனியச் செய்து பாக்கட்டும்

மச்சாள்: நான் ரெடி, ஆனா நான் இதுவரைக்கும் கூழ் செய்ததில்லை

நான்: அதுக்குத் தான் உங்களக் கேக்கிறன். ஏற்கனவே தெரிஞ்ச ஆள் செய்தா குறிப்பில விடுபட்டது தெரியாது

மாமா (பிரஸ்): மொத்தம் எத்தின பக்கம் பிள்ளை

நான்: 18 எண்டு யோசிச்சனான் மாமா, இன்னும் முடிவில்லை

மாமா (பிரஸ்): நடுவில பின் அடிக்கிற புத்தகத்துக்கு 18 வராது. ஒரு தாளை மடிச்சா 4 பக்கம், அப்ப 16 இல்லாட்டி 20. முதல் 4 தாளை மடிச்சு செருகி பென்சிலால நம்பர் போட்டு ஒரு டம்மி செய், அது கையில இருந்தாத் தான் எது எதுக்குப் பக்கத்தில வருது எண்டு விளங்கும். 16 எண்டா 8ம் 9ம் ஒரே தாள், படம் ரெண்டு பக்கத்துக்கும் விலகாமல் வரும், உன்ர பெரிய படத்தை அங்க போடு. ஆனா முக்கியமான இடம் நடு மடிப்பில விழக்கூடாது, பின் குத்தும்

நான்: 16 தான் அப்ப. நடுப்பக்கம் கூழுக்கு 🙏

மச்சாள்: படம் எடுக்கேக்க ட்யூப் லைட்ட நிப்பாட்டு, கூழ் சும்மாவே மண்ணிறம், அந்த வெளிச்சத்தில சேறு மாதிரி விழும். காலமை பெரியம்மா வீட்டு பல்கனிப் பக்கம் நல்ல வெளிச்சம் வரும், பக்கவாட்டில வரட்டும். நண்டுக்கால் ஒண்டு மேல தெரியவேணும், முருங்கையிலை பச்சை தெரியவேணும். பனையோலைப் பிளா கிடைச்சா, அதில கூழை ஊத்தி எடுத்தா இன்னும் வடிவு

பெரியம்மா: பனையோலை இருந்தா நானே கோலித் தருவன்

மாமா (பிரஸ்): படத்தை இந்த குரூப்பில போட்டு பிறகு அதையே எடுத்து அச்சுக்குத் தராத, வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிப்போடும். டொக்யுமெண்டா அனுப்பு இல்லாட்டி பென் ட்ரைவ்ல கொண்டு வா. A4 ஒரு பக்கம் முழுக்க எண்டா சுத்திவர 3 மில்லிமீட்டர் ப்ளீடோட (வெட்டுப்படுற ஓரம்) 300 டிபிஐக்கு (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) கிட்டத்தட்ட 2550க்கு 3580 பிக்சல் வேணும், நடுப்பக்கம் ரெண்டும் சேந்தா அகலம் இன்னும் ஒரு மடங்கு. எழுத்து தனிக் கறுப்பில மட்டும் இருக்கட்டும், நாலு கலரும் கலந்த கறுப்பெண்டா சின்ன எழுத்துக் கரை மங்கலா அடிபடும்

மச்சாள்: பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன்ல தமிழ் எழுதினா பரகிராஃப் செட்டிங்ல வேர்ல்ட் ரெடி கம்போசர் போட்டுக்கொள், இல்லாட்டி கொ கோ எல்லாம் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிக்கும். கன பேர் அதால தான் இன்னும் பழைய பாமினி எழுத்துருவில அடிக்கினம், நீ யுனிகோட்லயே செய், பிறகு வெப்ல போடவும் உதவும்

நான்: செய்யிறன். மூண்டு கொலம் வைக்கவா எண்டும் கேக்க இருந்தன்

மச்சாள்: வேண்டாம், ரெண்டு. தமிழ்ச் சொல் நீளம், கொலம் ஒடுங்கினா வரிக்கு ரெண்டு மூண்டு சொல்லுத் தான் பிடிக்கும், ரெண்டு கரையும் சமப்படுத்தினா நடுவில ஓட்டை ஓட்டையா விழும். இடது கரையை மட்டும் நேரா விடு. வரி இடைவெளியும் இங்கிலீஷுக்கு விடுறதை விடக் கூட விடு, இல்லாட்டி மேல் வரியில கூ, கீழ் வரியில கீ எண்டு வந்தா ரெண்டும் முட்டும். குறிப்புப் பக்கம் அடுப்படியில வச்சு வாசிக்கிறது, எழுத்து பெரிசாவே இருக்கட்டும்

ராத்தா (2ம் மாடி): வட்டிலப்பம் நான் அளந்து தான் செய்றது. 500 கிராம் கித்துல் (கூந்தல்பனை) கருப்பட்டிக்கு 10 முட்டை, தேங்காய் முதல் பால் மட்டும், ஏலக்காய். கருப்பட்டியில சீனி கலந்திருந்தா அந்த நிறமும் வராது வாசமும் வராது, அத கட்டாயம் எழுதுங்க. முட்டைய நுரை வர அடிக்க வேணாம், வடிச்சு ஊத்தி மெல்லிய நெருப்புல அவிக்கணும்

நான்: ராத்தா நீங்க சொன்ன இதே வசனத்தையே போடப்போறன், மாத்த மனமில்லை. உங்கட பேர் தலைப்புக்குக் கீழ பெரிசா வரும், என்ர பேர் சின்னனா அதுக்குக் கீழ

பெரியம்மா: என்ர பேர் வேண்டாம் பிள்ளை, நான் என்ன சமையல்காரியே. அது எங்கட அம்மா காரைநகர்ல செய்த மாதிரி தான் நான் செய்யிறன்

நான்: அப்ப ரெண்டு பேர்ட பேரும் வரும் பெரியம்மா. யாரிட்ட இருந்து யாருக்கு வந்தது எண்டது தான் இந்த மகசின்ல செய்தியே. பேர் இல்லாமல் பாரம்பரிய யாழ்ப்பாணக் கூழ் எண்டு மட்டும் போட்டா அது ஆருடையதும் இல்லாமல் போயிடும், வருஷக்கணக்கா சமைச்ச ஆக்களுக்கு அது நியாயமில்லை

பெரியம்மா: சரி போடு. அம்மான்ட பேரை பிழையில்லாமல் எழுது, இனிஷலோட

அம்மா: சனிக்கிழமை 7 மணிக்கு வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கு வா, நேரம் போனா நல்ல நண்டு இராது. ஒடியல் மா நான் வாங்கி வைக்கிறன்

மாமா (பிரஸ்): முதல் ப்ரூஃப் எனக்குக் கடுதாசியில எடுத்துக் காட்டு, ஸ்க்ரீன்ல பாக்க மாட்டன்

நான்: ஓம் மாமா. மச்சாள், உங்கட சமையல் அடுத்த ஞாயிறு, அதுவரைக்கும் பெரியம்மாட்ட ஒண்டும் கேக்கக்கூடாது

மச்சாள்: சரி சரி, குறிப்பை மட்டும் அனுப்பு