எல்.கே.ஜி. பிள்ளைக்குப் பென்சிலா, சப்பாத்தி மாவா?

நெல்லிக்காய்:
மகனுக்கு மூன்றரை வயது. எல்.கே.ஜி.யில் சேர்ந்ததிலிருந்து தினமும் நோட்டில் ஒரு பக்கம் ஸ்டாண்டிங் லைன், ஒரு பக்கம் ஸ்லீப்பிங் லைன் ஹோம்வொர்க். பென்சிலை முஷ்டியால் பிடித்து அழுத்துகிறான், பாதிப் பக்கத்தில் கை வலிக்கிறது என்று அழுகிறான். நான் எழுத வைப்பதையே நிறுத்திவிட்டேன். பதிலுக்குச் சப்பாத்தி மாவு உருட்டுகிறான், பட்டாணி உரிக்கிறான், துணி கிளிப்பை டப்பா விளிம்பில் மாட்டுகிறான். டைரியில் சிவப்பு மையில் குறிப்பு வந்துவிட்டது. எனக்கென்னவோ நான் செய்வதுதான் சரி என்று படுகிறது. இல்லை என்பவர்கள் வாருங்கள்.

சாக்பீஸ்:
வந்துவிட்டேன். பல வருடமாக எல்.கே.ஜி., யு.கே.ஜி. எடுக்கும் டீச்சர் நான். மாவு உருட்டினால் மாவு உருட்ட வரும். எழுதினால்தான் எழுத வரும். நாங்கள் ஒன்றும் எடுத்தவுடன் அ, இ எழுதச் சொல்வதில்லை. கோடு, பிறகு ட, ப, ம, அப்புறம்தான் வளைவுகள். இப்போது கோட்டை விட்டுவிட்டு யு.கே.ஜி. கடைசியில் "என் பிள்ளைக்கு மட்டும் எழுத வரவில்லை" என்று வரும் அம்மாக்களை நிறையப் பார்த்தாயிற்று.

ரெண்டு_வாலு_அப்பா:
டீச்சர், வாட்ஸ்அப்பில் வருமே, இரண்டு கைகளின் எக்ஸ்ரே படம்? சின்னப் பிள்ளையின் மணிக்கட்டில் எலும்பே இருக்காது, ஏழு வயதுப் பிள்ளைக்கு இருக்கும். எலும்பே இல்லாத கையில் பென்சிலைத் திணிப்பது கொடுமை இல்லையா?

விரல்நுனி:
நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; எழுதுவது, பட்டன் போடுவது போன்ற அன்றாட வேலைகளில் திணறும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருபவள். அந்தப் படம் உண்மை, வாதம்தான் தவறு. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். பிறக்கும்போது எல்லாமே குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் தெரியாது, அவ்வளவுதான். ஒவ்வொன்றாக எலும்பாகி, கடைசி எலும்பு தெரிய பல பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்து வயதுகூட ஆகும். அதுவரை யாரும் எழுதாமலா இருக்கிறார்கள்? எலும்பை விடுங்கள், பிடியைப் பாருங்கள். முதலில் முஷ்டிப் பிடி, பிறகு விரல்களைக் கீழ்நோக்கி வைத்த பிடி, நாலு வயதிலிருந்து ஆறு வயதுக்குள் மூன்று விரல் பிடி. மூன்றரை வயதில் முஷ்டி என்பது பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிடியில் எழுதினால் தோளும் முழங்கையும் வேலை செய்யும், விரல் செய்யாது. அதனால்தான் பையனுக்குக் கை வலிக்கிறது.

சாக்பீஸ்:
சரி, மாவு எப்போது பென்சில் ஆகும்? அதைச் சொல்லுங்கள்.

விரல்நுனி:
தானாக ஆகாது, அதில் நீங்கள் சொல்வது சரி. கையெழுத்தில் தடுமாறும் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு விரல் விளையாட்டைவிட எழுதும் பயிற்சிதான் அதிகம் பலன் தந்தது என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. ஆனால் அவர்கள் ஆறு வயதைத் தாண்டியவர்கள். இவன் மூன்றரை.

நெல்லிக்காய், வெறும் மாவோடு நிறுத்தாதீர்கள். உருட்டுவதற்கு உள்ளங்கை போதும். உருட்டிய திரியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளிக் கிள்ளி வைக்கச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை ஆய்வது இன்னும் நல்லது: ஒரு கை காம்பைப் பிடிக்க, மறு கை இலையை உருவும். பின்னால் ஒரு கை தாளைப் பிடிக்க மறு கை எழுதுவதும் இதே வேலைதான். பழைய காலண்டர் தாளைச் சுவரில் அவன் கண் உயரத்தில் ஒட்டி, க்ரேயானைச் சின்னத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். துண்டை முஷ்டியால் பிடிக்க இடமிருக்காது, விரல் நுனிக்கு வந்தாக வேண்டும். சுவரில் வரையும்போது மணிக்கட்டு பின்பக்கம் மடியும். பென்சில் பிடிக்க வேண்டிய நிலை அதுதான். புது க்ரேயானை உடைக்க மனசு வராது, தெரியும். உடைத்துவிடுங்கள்.

திண்ணைக்காரர்:
இதற்கெல்லாமா நிபுணர் வேண்டும்? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால்தான் எழுதினார்கள். இன்றும் விஜயதசமிக்கு நெல்லிலும் அரிசியிலும் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம். ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் கொடுங்கள், விரல் தானாக வரும்.

விரல்நுனி:
மணல் சரி ஐயா. புளியங்கொட்டைக்கு மட்டும் நிபந்தனை உண்டு. பொம்மைப் பாதுகாப்புச் சோதனைக்கு ஏறத்தாழ 3.2 செ.மீ. அகலத்தில் ஒரு குழல் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் கூடாது. புளியங்கொட்டை, சோழி, வேர்க்கடலை எல்லாமே அதில் அடங்கும். நெல்லிக்காய் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் உரித்த பட்டாணியும்தான். பெரியவனுக்கென்றாலும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

ரெண்டு_வாலு_அப்பா:
2020 தேசியக் கல்விக் கொள்கையே 3 முதல் 8 வயது வரை ஒரே கட்டமாக வைத்து விளையாட்டு வழியில் கற்பிக்கச் சொல்கிறதே. அந்த அரசியலை விடுங்கள், இந்த ஒரு விஷயத்திலாவது பள்ளிகள் கேட்கலாம் இல்லையா?

சாக்பீஸ்:
கொள்கை எழுதியவர் என் வகுப்புக்கு வந்து நோட்டைப் புரட்டுவதில்லை சார், பெற்றோர்கள் புரட்டுகிறார்கள். ஒரு வாரம் மாவும் களிமண்ணும் கொடுத்துப் பாருங்கள், "ஃபீஸ் கட்டி விளையாடவா அனுப்புகிறோம்" என்று கேட்பது உங்களைப் போன்ற ஒரு அப்பாதான். வகுப்பில் முப்பதுக்கு மேல் பிள்ளைகள். எல்லோருக்கும் சுவர் எங்கே இருக்கிறது?

நெல்லிக்காய்:
சுவர் என் வீட்டில் இருக்கிறது டீச்சர். நான் கேட்பது அந்த ஒரு பக்கத்தைக் குறையுங்கள் என்பது மட்டும்தான். மூன்று கோடு ஒழுங்காகப் போட்டால் போதாதா?

சாக்பீஸ்:
மூன்று வரி என்றால் என் வகுப்பில் ஒப்புக்கொள்வேன், மூன்று கோடு என்றால் மாட்டேன். உங்கள் டீச்சரிடம் அதையே டைரியில் எழுதிக் கேளுங்கள். எழுதாமல் வெறும் நோட்டை அனுப்பினால் சிவப்பு மைதான் வரும். விரல்நுனி மேடம், எந்த வயதில் உங்களிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் "வயதானால் வரும்" என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

விரல்நுனி:
நியாயம். ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தி மறு கையைச் சும்மா வைத்திருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஐந்து வயதை நெருங்கியும் முஷ்டிப் பிடி மாறவில்லை, பட்டன் போட, ஸ்பூன் பிடிக்கத் திணறுகிறான் என்றாலும் காட்டுங்கள். நெல்லிக்காய், உங்கள் பையன் சட்டைப் பட்டனைத் தானே கழற்றுகிறானா?

நெல்லிக்காய்:
கழற்றுவான், போடத் தெரியாது.

விரல்நுனி:
இந்த வயதுக்கு அது போதும். அவன் அப்பாவின் பழைய சட்டையைக் கொடுங்கள், பட்டன் பெரிதாக இருக்கும்.