புளி உலுக்கப் போன மாமாவும் முதுகுத்தண்டும்

சித்தூர்க்காரன்:
மாசி, பங்குனி எங்கள் பக்கம் புளி உலுக்கும் காலம். மாமா நின்ற கிளை முறிந்து, வரப்பில் முதுகு அடிபட விழுந்தார். "கால் இருக்கிறதே தெரியலடா" என்றார். அதைக் கேட்ட பிறகும் ஒருவன் அக்குளில் கை கொடுக்க, இன்னொருவன் காலைப் பிடிக்க, தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுபோனோம். தலை, முதுகு, இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் அசையாமல், பலகையில் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டுமாம். அப்புறம்தான் தெரிந்தது. மரம் கெடுத்தது எவ்வளவு, ஆட்டோ குலுக்கல் கெடுத்தது எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்க இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவே வேலூர். கம்பி, ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன். "இது எலும்பை நிறுத்தத்தான், நரம்புக்கு உறுதி சொல்ல முடியாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அத்தை காதில் அது ஏறவில்லை, கங்கம்மாவுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் வேலூரிலேயே உள்ள பாகாயம் மறுவாழ்வு மையம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் விட்டுச் சிறுநீர் எடுப்பது எல்லாம் அங்கேதான் அத்தை பழகினாள். 1966-ல் அந்த மையத்தைத் தொடங்கிய மேரி வர்கீஸ் டாக்டருக்கே 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு போனது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். இதை மாமாவிடம் சொன்னேன். "அந்தம்மா டாக்டரு. நான் மரம் ஏறுறவன்டா" என்றார். என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் சூடான டீ டம்ளரைத் தொடையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். டம்ளரை எடுத்தால் வட்டமாகக் கொப்புளம். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பலமநேர் மருமகள்:
என் வீட்டுக்காரர் மொகிலி மலைப்பாதையில் பைக்கோடு விழுந்தவர். எங்களை ஆட்டிவைத்தது படுக்கைப்புண்தான். முதலில் ஒரு ரூபாய் அளவு சிவப்பு, வேர்க்குரு என்று பவுடர் போட்டேன். ஆற நாலு மாதம் ஆனது. இப்போது தினமும் காலையில் கைக்கண்ணாடி வைத்து அவரே இடுப்புக்குக் கீழே பார்த்துக்கொள்கிறார். தண்ணீர் மெத்தை வாங்கினாலும் புரட்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். மாமா இப்போது எப்படி, அண்ணா?

சித்தூர்க்காரன்:
நடை இல்லைம்மா. திண்ணையில் புளியைக் குவித்துக் கொட்டை எடுக்கிறார், கூலிக்கு ஆள் வேண்டாம் என்கிறார். டீ மட்டும் அத்தை ஆற்றித்தான் கொடுக்கிறாள்.