பங்குக் கிணறும் ஒரு தவில் நாடாவும்

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடிக்கு வந்த முதல் வாரத்திலேயே, பக்கத்து வீட்டிலிருந்து காலை ஐந்தரை மணிக்குக் கேட்கும் தவிலோசையைப் பற்றி நிர்வாகக் குழுவுக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதி வைத்திருந்தேன். அதைக் கொடுப்பதற்கு முன், ஒரு வார்த்தை நேரில் சொல்லிவிடுவதே மரியாதை என்று கருதி அந்தக் கதவைத் தட்டினேன். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஐயா ஒருவர் கதவைத் திறந்து, நான் வாயைத் திறப்பதற்குள், "தம்பி, சத்தம் கூடிப்போச்சோ? கொஞ்சம் இருங்கோ, இந்தத் தனி முடியட்டும்" என்று சொல்லி என்னை உள்ளே அழைத்து அமர்த்திவிட்டார். தவில் மட்டும் தனித்து ஒலிக்கும் அந்தத் தனி ஆவர்த்தனம் முடிய ஏறத்தாழ இருபது நிமிடங்கள் சென்றன. கடிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

அவர் கேட்டுக்கொண்டிருந்தது 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் வாசிப்பு. ஏதோ ஒரு கோயில் திருவிழாவில் யாரோ பதிவு செய்த நாடாவினுடைய பிரதியின் பிரதி அது. ஆகவே தவிலோடு குழந்தையின் அழுகையும், கச்சான் விற்கும் பெண்ணின் குரலும், இடையில் யாரோ ஒருவர் 'ஆ' என்று வியந்துவிட்டு இருமுவதும் சேர்ந்தே கேட்கின்றன. வலது கை விரல்களில் மாட்டிய கூடுகள் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் கூர்மையான ஓசையையும், இடப்பக்கத்தில் பூவரசங்கழி எழுப்பும் கனத்த ஓசையையும் பிரித்துக் கேட்க ஐயாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதுவரை தவில் எனக்குக் கலியாண வீட்டில் தாலி கட்டும் நேரத்துப் பெருமுழக்கமாக மட்டுமே இருந்தது. இன்று துல்லியமான ஒலிப்பதிவுகளைக் கைத்தொலைபேசியிலேயே கேட்கலாம் என்றாலும், அந்த இருமல் இல்லாத தவில் எனக்கு ஏதோ ஆளில்லாத மண்டபத்தில் வாசிப்பது போலத் தோன்றுகிறது.

கைம்மாறாக நான் அவரிடம் கொண்டுபோனது ஒரு புத்தகத்தின் கதை. மருதானைப் பக்கம், டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் ஒன்றில் 150 ரூபாய்க்கு வாங்கிய, அட்டை கழன்ற சிறுகதைத் தொகுதி அது. வடக்கில் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலை முத்திரை அதில் இருந்தது. பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருந்த தாளில், இரவல் கொடுத்த திகதிகள் ஊதா மையில் வரிசையாக விழுந்திருந்தன. அவற்றுள் ஒன்று 1981 யூன் 12. யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்து இரண்டு வாரமும் நிறையாத அந்த நாளில், யாரோ ஒருவர் கிராமத்து வாசிகசாலைக்குப் போய், கதை படிப்பதற்கென்று இந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அந்தத் திகதியைப் பார்த்த பிறகுதான் நான் விலை பேசுவதை நிறுத்தினேன்.

அதைக் காலையில் கோட்டைக்குப் போகும் ரயிலிலேயே படித்தேன். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வரையில் கடல் பக்கத்திலேயே வரும். பிறகு ரயில் உள்ளே திரும்பிக் கொம்பனித்தெருவை அடையும்போது கூட்டம் நெருக்கத் தொடங்கிவிடும், புத்தகத்தை மூடிவிட வேண்டியதுதான். நாளொன்றுக்கு ஆறேழு பக்கங்கள். இப்படிப் பத்து நாட்களில் இறுதிக் கதைக்கு வந்தபோதுதான், அதன் கடைசித் தாள் கிழிந்து போயிருப்பதைக் கண்டேன். பங்குக் கிணறு ஒன்றுக்காக வழக்காடித் தோற்ற அண்ணன், நள்ளிரவில் நீர் இறைக்கும் துலாவடிக்கு வந்து நிற்கிறான். அவ்வளவோடு பக்கம் முடிகிறது.

ஐயாவிடம் இதைச் சொன்னபோது, அந்தக் கதையை இளமையில் தாம் வாசித்ததாகக் கூறி, முடிவையும் சொன்னார். வழக்கில் வென்ற தம்பியின் புகையிலைக் கன்றுகள் தண்ணீரின்றி வாடிக் கிடப்பதைக் கண்ட அண்ணன், விடியும்வரை தனியே இறைத்து அவற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, யாருக்கும் சொல்லாமல் ஊரை விட்டுப் போய்விடுகிறானாம். சில மாதங்கள் கழித்து, ஈழத்துத் தமிழ் எழுத்துகளை 2005 முதல் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் இணையத்தளத்தில் அதே தொகுதி அகப்பட்டது. கடைசிப் பக்கத்தில் இருந்ததோ வேறு. அண்ணன் துலாக்கொடியை அறுத்துக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டு, வாளி விழும் ஓசையைக் கேட்டபடி நிற்கிறான். கதை அங்கே முடிந்துவிடுகிறது.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய் ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். "இது பிழையாக்கும்" என்றார். அச்சிலிருப்பது எப்படிப் பிழையாகும் என்று நான் கேட்கவில்லை. எழுதியவர் பொறுத்தருள வேண்டும். கதையின் இறுக்கத்துக்கு அச்சிலுள்ள முடிவே பொருத்தம் என்பதை அறிந்திருந்தும், எனக்கு ஐயாவின் முடிவே பிடித்திருக்கிறது. அச்செடுத்த தாளைப் புத்தகத்தில் ஒட்டாமல், இடையில் செருகி மட்டும் வைத்திருக்கிறேன்.

போன மாதம் நாடா அறுந்துவிட்டது. ஐயா நாடாப் பெட்டியின் சிறிய திருகாணிகளைக் கழற்றி, இரு முனைகளையும் நேராக வெட்டிச் செலோரேப்பால் ஒட்டி, பென்சிலை நுழைத்துச் சுற்றி மீண்டும் ஓடச் செய்தார். ஒட்டிய இடத்தில், தாளத்தின் ஓர் எண்ணிக்கையான அட்சரத்தில் பாதி காணாமற்போயிற்று. இப்போதும் காலையில் தவில் கேட்கிறது. நான் தேநீரோடு அங்கே போய் உட்கார்ந்து தாளம் போடுகிறேன். அந்த இடம் வரும்போது ஐயாவின் கை தயங்காமல் அரை அட்சரத்தைத் தாண்டிவிடுகிறது. என் கைதான் ஒவ்வொரு நாளும் பிந்தி விழுகிறது.